பாலத்தில் ஒரு சாண் இடம்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்தப் பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்ட அண்ணன், "நல்லதா நாலு வார்த்தை எழுது, யாரையும் வம்புக்கு இழுக்காதே" என்றும் சேர்த்துச் சொன்னார். நல்ல வார்த்தை நாலுக்கு மேலேயே இருக்கிறது. வம்புக்கு இழுக்காமல் எழுதத்தான் எனக்கு வராது. அக்காவுக்கும் வராது. அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தவர்களில் சிலர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பாவம், அந்த உல்லன் நூலைக் கட்டிக்கொண்டு அழுததில்தான் நுரையீரல் போயிற்று" என்று பேசியது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நுரையீரலைக் கெடுத்தது நூல் இல்லை. இருபத்தாறு வயதில் அக்காவின் விரல்களை மடக்கிய அதே முடக்குவாதம்தான் கடைசியில் நெஞ்சுக்குள்ளும் இறங்கியது. டாக்டர் காகிதத்தில் படம் போட்டே எனக்கு விளக்கினார். நூல் அக்காவைக் கொல்லவில்லை, கடைசி இரண்டு வருடம் எழுந்து நடமாட வைத்தது. "பாவம்" என்ற சொல்லை இந்த மலரைக் கையில் வாங்கும் எவரும் இனி அக்காவின் பெயரோடு சேர்க்க வேண்டாம். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, ஆனால் அதைக்கூட அந்தச் சொல் அளவுக்கு வெறுத்ததில்லை.

அக்கா பிறந்தது கொல்கத்தாவிலேயே. அப்பா வங்கி வேலையாக இங்கே வந்து, தென்கொல்கத்தாவில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடும்பம் நடத்தினார். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் பெங்காலி. எங்கள் மூவரில் அக்கா நடுவில். ஜாதவ்பூரில் கல்லூரிப் படிப்பு முடித்தார், பரீட்சை எழுதி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் ஆனார். அவர் தட்டச்சு செய்தால் மழை பெய்வது போல இருக்கும் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில்தான் பெண் பார்க்கவும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள் என்று அம்மா கெஞ்சினார். அக்கா சொஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார், இரண்டு கைகளையும் மாப்பிள்ளையின் தாயார் முன்னால் நீட்டினார், "முதல்ல இதைப் பாத்துடுங்க, அப்புறம் பஜ்ஜி சாப்பிடுங்க" என்றார். அவர்கள் பார்த்தார்கள். பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். அதன்பிறகு கடிதம் வரவில்லை. மூன்று முறை இப்படி நடந்த பிறகு, இனி எனக்காக யாரும் மாவு கரைக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கடிதத்தின் அடியில் ஓரமாக, தட்டச்சு செய்தவரின் பெயரெழுத்தைச் சின்னதாகப் போடுவது அந்தக் கால அலுவலக வழக்கம். அக்காவின் கடிதங்களில் பிழை கூடிக்கொண்டே போனது. மேலதிகாரி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் காரியத்தைச் செய்தார். அக்கா தட்டச்சு செய்ததை எல்லாம் அவருக்குத் தெரியாமல் வேறொரு பெண்ணிடம் கொடுத்து மறுபடி அடிக்கச் சொல்லி, அடியில் அக்காவின் பெயரெழுத்தையே போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா அதை ஒரு நாள் கண்டுபிடித்தார். நேரே அவர் அறைக்குப் போய், அந்தக் கடிதங்களில் இருந்த தன் எழுத்தைப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, எனக்கு வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டார். விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். போகவில்லை. தபால் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு வயது வரை வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவும் அம்மாவும் கடைசி வரை மரியாதையாக வாழ்ந்தார்கள் என்பது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்னல் கற்றதும் அந்த அலுவலகத்தில்தான். குளிர்காலத்தில் மதிய இடைவேளையில் பெங்காலிப் பெண்கள் மொட்டைமாடி வெயிலில் வரிசையாக உட்கார்ந்து ஸ்வெட்டர் போடுவார்கள். பக்கத்து மேஜை ஷிப்ராதி, 'விரலுக்கு நல்லது' என்று அக்காவின் கையிலும் இரண்டு தடித்த ஊசிகளைக் கொடுத்தார். அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் ஆறே மாதத்தில் அவரைத் தாண்டிவிட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்க்கிறது, வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற சில வருடங்களில் அக்காவின் விரல்கள் முழுதாக மடங்கிவிட, அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இனி பாலத்துக்கு வருகிறேன். சால்ட் லேக்கில் அக்கா சொந்தமாக வாங்கியிருந்த அரசுக் குடியிருப்பு வீட்டுக்குப் பக்கத்தில் கேஷ்டோபூர் கால்வாய் ஓடுகிறது. அதன் மேல் ஓர் இரும்பு நடைபாலம். அந்தக் கரையிலிருந்து தினமும் காலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தப் பாலம் ஏறி இறங்கித்தான் இந்தக் கரை வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் வருகிறார்கள். குடியிருப்போர் கமிட்டி ஒரு குளிர்காலத்துக்கு அந்தப் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் முழுவதையும் கையால் பின்னிய துண்டுகளால் மூடுவது, இரண்டு கரைக்காரர்களும் பின்னித் தருவது என்று தீர்மானித்தது. தீர்மானம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரைக்குப் போய்க் கேட்டு வாங்க ஆள் வேண்டுமே? கமிட்டியில் ஒருவரும் அசையவில்லை. அக்கா தன் மடங்கிய கையைத் தூக்கினார்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினார். துண்டுக்கு ஒரு எண், எண்ணுக்கு நேரே பெயர். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வாக்குறுதியைக் கொடுத்தார்: நீ எப்படிப் பின்னினாலும் சரி, நீ பின்னியது அப்படியே பாலத்தில் ஏறும். முதலில் யாரும் நம்பவில்லை. நாங்கள் போடுவது பாபுக்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டார்கள். பிடிக்காவிட்டாலும் ஏறும் என்றார் அக்கா.

அளவு விஷயத்தில் ஒரு பெரிய பிசகு நடந்தது, அதை மறைக்க மாட்டேன். கமிட்டி சொன்ன அளவு ஒன்பது அங்குலச் சதுரம். அந்த வீடுகளில் அளவு நாடா இருக்காது என்று அக்காவே முடிவுகட்டி, "உன் கையால ஒரு சாண்" என்று பெங்காலியில் சொல்லிவிட்டு வந்தார். ஒரு சாண் ஒன்பது அங்குலம் என்பது சின்ன வயதில் அப்பா ஒப்பிக்க வைத்த வாய்ப்பாடு. வாய்ப்பாட்டில் இருப்பது கையில் இருக்காதே! ஏழு அங்குலம் ஒன்று, பத்து அங்குலம் ஒன்று, பருத்த கைக்காரி ஒருத்தியுடையது தலையணை உறை போல. வந்த துண்டுகளை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு அக்கா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, சரி, தப்பு என்னுது, யாரும் பிரிச்சுப் போட வேண்டாம் என்று சொல்லி, கறுப்பு நூலில் ஓரம் கட்டிப் பெரியதையும் சிறியதையும் கருங்கல் சுவர் மாதிரி பொருத்திக்கொடுக்கும்படி ஷிப்ராதியைக் கூப்பிட்டார். நானும் பெஹாலாவில் உள்ள என் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தபோது கமிட்டிச் செயலாளர் வந்து பார்த்தார். நெடிய, மரியாதையான மனிதர். பதினோரு துண்டுகளைத் தனியே எடுத்து வைத்து, இவை கந்தல் போல இருக்கின்றன, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள் என்றார். அக்கா அந்தப் பதினொன்றையும் எடுத்து மறுபடி குவியலில் போட்டார்.

அன்று சாயங்காலமே செயலாளர் எனக்குப் போன் செய்தார். நீங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், நேர்த்தி தெரிந்தவர், உங்கள் அக்காவுக்கு உடம்பு வேறு சரியில்லை, அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். நான் ஒப்புக்கொண்டேன். ஆம், நான்தான். ஓரம் கட்டுகிறேன் என்று பொய் சொல்லி அந்தப் பதினொன்றையும் பையில் போட்டு பெஹாலாவுக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதே நூலில், போதாததற்கு என் நூலும் சேர்த்து, அங்குலம் பிசகாமல் பின்னினேன். அந்தந்த எண் சீட்டையே மறுபடி தைத்தேன். ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தேன், சந்தோஷமாகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதில் ஒன்று மற்றவற்றைவிடச் சின்னது. ஐந்து அங்குலம்கூட இருக்காது. சாம்பல் நீலம். ஒரு பக்கம் தளர்ந்து, ஒரு பக்கம் இறுகி, நடுவில் நழுவிய கண்ணிகள். நுனியை இழுத்தேன், ஒரே இழுப்பில் முழுதும் வந்துவிட்டது. இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போட்டிருக்க வேண்டும் என்று மறுநாள் செயலாளரிடம் போனில் சொல்லிச் சிரித்தேன்.

துண்டுகள் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கரையிலிருந்து மாலதி வந்தார். மூன்று வீட்டில் சமையல் செய்பவர், நாலே முக்கால் அடி உயரம். தன் துண்டைத் தொங்கவிடும் முன் மகளுக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று கேட்டார். அக்கா எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மாலதி அதைக் கையில் வைத்துப் பார்த்தார். மகளின் பழைய பள்ளி ஸ்வெட்டரைப் பிரித்து ஒரு வரி மஞ்சள் போட்டிருந்தாராம். அந்த வரியைக் கண்ணை உறுத்துகிறது என்று நான் விட்டுவிட்டிருந்தேன்.

"இது ரொம்ப நல்லா இருக்கு, மாஷிமா. ஆனா இது என்னுது இல்லை" என்றார் மாலதி. குரலை உயர்த்தவே இல்லை.

அக்கா துண்டை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நூலை முடிக்கும் இடத்தில் இரண்டு முடிச்சுப் போட்டு உள்ளே இழுத்துவிடுவது என் பழக்கம். ஒரு நொடிகூட ஆகவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது உன் கை" என்றார். "மத்தது எல்லாம் எங்கே?"

மற்ற பத்தையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றின் எண்ணையும் பார்த்தார். எனக்கு என் சமாதானங்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. உனக்காகத்தான் செய்தேன், நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

"ஆபீஸ்ல என் லெட்டரைத் திருப்பி அடிச்சாளே ஒரு பொண்ணு, அவளும் நல்லாத்தான் அடிச்சா" என்றார் அக்கா. "அடியில என் பேரைப் போட்டா அது நான் அடிச்சதாயிடுமா?"

அதற்கு மேல் என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதினொன்றையும் என் பைக்குள்ளேயே போட்டு, பத்துப் பெயர்களைச் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். பதினொன்றாவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பத்து வீட்டுக்கும் நான் நேரில் போய், உன்னுடையதைப் பிரித்தது நான்தான் என்று சொல்லி, மறுபடி ஒன்று கேட்டு வாங்கி வர வேண்டும். அதுவரை ஒரு துண்டும் பாலத்தில் ஏறாது. தைத்து முடித்த பட்டைகள் எல்லாம் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

செயலாளர் ஓடி வந்தார். விழா தேதி குறித்தாயிற்று, அழைப்பு அச்சாகிவிட்டது, எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தானே பார்க்க லட்சணம் என்று மன்றாடினார். அக்கா மூச்சு வாங்க வாங்க, நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசினார்.

"நீங்க ஆறடி. மாலதி நாலே முக்கால். அவங்கவங்க கையால அளந்து பாருங்க, ரெண்டு பேரும் எட்டு சாண்தான். பாலத்துல அந்த அளவுலதான் ஏறும். இல்லேன்னா வெறும் இரும்பாவே இருக்கட்டும்."

செயலாளர் திரும்பிப் போனார். விழா தள்ளிப்போயிற்று. பெரிய மனிதர்களுக்கு வேறு ஜோலி வந்துவிட்டது. யாருக்கும் அதனால் குடி முழுகிவிடவில்லை.

நான் பத்து வீடு ஏறி இறங்கினேன். ஐம்பது பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைத்த டீச்சர், ஒவ்வொரு வாசலிலும் கைகட்டி நின்றேன். ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, மூன்று நாள் கழித்து மகன் மூலமாகத் துண்டைக் கொடுத்தனுப்பினார். இந்தக் கரையில் ஒரு பேராசிரியரின் மனைவி, நீங்கள் பின்னியதே மேல், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா அதை ஏற்கவில்லை, அவரிடமும் மறுபடி போனேன். மாலதி என்னைத் தரையில் உட்கார வைத்து, மஞ்சள் நூலுண்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு, என் முன்னாலேயே பின்னினார். முக்கால்வாசி முடித்ததும், "நல்லாப் பாத்துக்கோங்க தீதி, இதைப் பிரிக்கக் கூடாது" என்றார். பார்த்துக்கொண்டேன்.

தை மாதத்தில் பட்டைகள் பாலத்தில் ஏறின. டாக்டர் படி ஏறவே கூடாது என்றிருந்தார். அக்கா ஒரு பக்கம் மாலதியையும் மறுபக்கம் என்னையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். நடுப் பாலத்தில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார வைத்தோம். அந்த இடத்துக்கு நேரே, கைப்பிடியில் ஒரு சின்னச் சதுர ஓட்டை இருந்தது. கறுப்பு ஓரம் மட்டும் கட்டி, உள்ளே ஒன்றும் இல்லாமல். பதினொன்றாவதன் இடம். அதைப் பின்னியவர் ஏன் மறுபடி பின்னித் தரவில்லை என்று அக்காவைக் கேட்டேன்.

"அவங்களால இனிமே முடியாது. இடம் அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்புறம் அதன் வழியாகக் குனிந்து பார்த்து, தண்ணீர் தெரிகிறது, நாற்றமும் வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். யாரோ இறந்துபோய்விட்டார் போலும் என்று நினைத்து, நானும் மேலே கேட்கவில்லை.

பங்குனியில் அக்கா போய்விட்டார். கடைசி மூன்று வாரமும் நான் அவர் வீட்டிலேயே இருந்தேன். ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே, மழைக்கு முன்னால் பட்டைகளை இறக்கி நாப்தலின் உருண்டை போட்டு வைக்க வேண்டும், அடுத்த குளிருக்கு மறுபடி ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரியங்கள் முடிந்த பிறகு, இறக்குவதற்காக நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அந்தச் சாம்பல் நீலத் துண்டின் எண்ணைத் தேடினேன். எல்லாப் பெயரும் பெங்காலி எழுத்தில் இருந்தன. அதற்கு நேரே மட்டும், கோணல்மாணலாக, தமிழில் ஒரே ஒரு சொல் இருந்தது.

நான்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டதாக நாங்கள் நினைத்த கை அது. எத்தனை நாள் எடுத்திருக்கும், எப்படிப் பிடித்திருப்பார், எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. கந்தல் என்று தனியே எடுத்து வைக்கப்பட்டபோதும் சொல்லவில்லை. நான் பிரித்துவிட்டேன் என்று தெரிந்தபோதும் சொல்லவில்லை. என் கையை முடிச்சைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டவர் அவர். அவர் கையை நான் கண்டுகொள்ளவில்லை, இழுத்துப் பிரித்துவிட்டுச் சிரித்தேன். இதை இந்த மலரில் எழுத வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். எழுதத்தான் வேண்டும். அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதி, என்னை நேர்த்தியாகக் காட்டிக்கொண்டால், இதுவும் நான் திருப்பிப் பின்னிய துண்டாகிவிடும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸிஜன் தீர்ந்த நாளில் இரண்டு மாடி உருளையைச் சுமந்து ஏறிய கீழ்வீட்டுத் தம்பதிக்கு, படம் போட்டு விளக்கிய டாக்டருக்கு, மருத்துவமனையில் அக்காவின் விரல்களை நிமிர்த்த முயலாமல் அப்படியே துடைத்துவிட்ட நர்ஸ் பெண்ணுக்கு, இந்த வயதிலும் கறுப்பு ஓரம் கட்டித் தந்த ஷிப்ராதிக்கு, பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டுச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பைசா வாங்க மறுத்த மாலதிக்கு, நெடுந்தூரம் வந்துபோன உறவினர் அனைவருக்கும், பந்தியில் பேசியவர்களுக்கும் சேர்த்தே எங்கள் குடும்பத்தின் நன்றி. கமிட்டிச் செயலாளருக்கும் உண்டு. அக்காவை மயானம் வரை சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர்தான் இந்தக் குளிருக்குப் பட்டைகளை மறுபடி ஏற்றும் முன் என்னிடம் வந்தார். நோட்டு விஷயத்தைக் கேட்டுக் கண் கலங்கினார். அந்த ஓட்டையில் அக்காவின் நினைவாக ஒரு நல்ல துண்டு பின்னிக் கொடுங்கள், உங்களைவிட நன்றாக யார் பின்னுவார்கள் என்று கேட்டார். முடியாது என்றேன். அக்காவின் போட்டோவாவது என்றார். அதுவும் முடியாது. நானே பின்ன மாட்டேன், வேறு யாரையும் பின்ன விடவும் மாட்டேன். கமிட்டி தீர்மானம் போட்டாலும் சரி.

ஆண்டு நினைவுக்குக் கொல்கத்தா வருகிறவர்கள், படையலுக்கு முன் அந்தப் பாலத்துக்குப் போய் வாருங்கள். பட்டைகளை வெயில் ஏறும் வரை இறக்க மாட்டோம். நடுவில் அந்த இடம் இருக்கிறது. அதில் கையை வைத்து ஒரு சாண் அளந்து பாருங்கள். விரலை நீட்டினால் கை அதில் அடங்காது. நானும் வைத்துப் பார்த்தேன். மடக்கத்தான் வேண்டும்.